எண்ண முடியாததை எண்ணிய பேராசிரியர்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். 'கணங்கள்' என்று ஒரு பாடம் இருக்கும். வளைந்த அடைப்புக் குறிக்குள் எண்களை வரிசையாக எழுதி, இடையிடையே காற்புள்ளி வைத்திருப்பார்கள். ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் வட்டங்களும் பக்கத்திலேயே இருக்கும்.

பிள்ளைகள் அதை அரை மணி நேரத்தில் படித்து முடித்து விடுகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் அதற்காகத் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். விரும்பிய ஊரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரே பகைவர் ஆனார். கடைசி நாட்கள் மருத்துவமனையில் கழிந்தன.

அவர் பெயர் ஜார்ஜ் கேண்டர்.

வியாபாரியின் மகன்

ரஷியாவில் உள்ள செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1845-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி கேண்டர் பிறந்தார். தந்தை டென்மார்க் நாட்டில் பிறந்தவர். பிழைப்புக்காக ரஷியாவுக்கு வந்து, வியாபாரத்தில் நல்ல பணம் சேர்த்தவர். தாயார் இசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆறு குழந்தைகளில் மூத்தவர் கேண்டர். பிற்காலத்தில் அவர் வயலின் நன்றாக வாசித்ததற்குத் தாய்வழி ரத்தமே காரணம் என்பார்கள்.

தந்தைக்கு நுரையீரல் நோய் வந்தது. ரஷியாவின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. 1856-ம் ஆண்டு குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது கேண்டருக்கு 11 வயது. பிறந்த ஊரை விட்டு வந்த ஏக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

பள்ளியில் கணக்கில் முதல் மாணவராக விளங்கினார். மகன் என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனின் மனமோ கணிதத்திலேயே இருந்தது. தயங்கித் தயங்கித் தந்தைக்குக் கடிதம் எழுதி, கணிதம் படிக்க அனுமதி கேட்டார். 1862-ம் ஆண்டு அனுமதி கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகரில் படிக்கச் சென்றார்.

அடுத்த ஆண்டே தந்தை காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்தால் படிப்புக்குக் குறை வரவில்லை. கேண்டர் பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அந்தக் காலத்தில் கணிதத்துக்குப் பெர்லின்தான் தலைநகரம். வயர்ஸ்டிராஸ், கும்மர், குரோனெக்கர் என்ற மூன்று பெரிய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். மூவரிடமும் கேண்டர் பாடம் கேட்டார். 1867-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது வயது 22.

அந்த மூவரில் குரோனெக்கர் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஊரில் வேலை

பட்டம் பெற்றதும் பெர்லினில் பெண்கள் பள்ளி ஒன்றில் சிறிது காலம் பாடம் நடத்தினார். 1869-ம் ஆண்டு ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அரசு சம்பளம் கிடையாது. வகுப்புக்கு வரும் மாணவர்கள் கட்டும் கட்டணமே வருமானம். ஜெர்மனியில் பேராசிரியர் ஆக விரும்பும் ஒவ்வொருவரும் ஏறவேண்டிய முதல் படி அது.

ஹாலே பெரிய ஊர் அல்ல. அங்குள்ள பல்கலைக்கழகம் பழமையானது என்றாலும், கணிதத்தில் பெர்லினுக்கு இருந்த புகழ் அதற்கு இல்லை. சில காலம் இங்கே இருப்போம், பிறகு பெர்லினுக்குப் போய்விடலாம் என்று கேண்டர் எண்ணினார். திறமை உள்ள இளைஞர் அப்படி எண்ணியதில் தவறு இல்லை.

ஹாலேயில் மூத்த பேராசிரியராக இருந்தவர் ஹைனே. அவர் புதிதாக வந்த இளைஞரிடம் ஒரு சிக்கலான கணக்கைக் கொடுத்தார். அலை போன்ற கோடுகளைக் கூட்டிக் கூட்டி ஒரு தொடரை உண்டாக்கினால், அதை ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியுமா என்பது கேள்வி. பெரிய பெரிய கணித நிபுணர்கள் முயன்றும் முடிவு காணாத கேள்வி அது. 1870-ம் ஆண்டு கேண்டர் அதற்கு விடை கண்டார்.

அந்தக் கணக்கைச் செய்தபோதுதான் முடிவில்லாத கூட்டங்களைப் பற்றி அவர் யோசிக்கத் தொடங்கினார். ஹைனே காட்டிய பாதை, ஹைனேயே எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

1872-ம் ஆண்டு கேண்டருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்துக்குச் சென்றபோது டெடிகிண்ட் என்ற கணித நிபுணரைச் சந்தித்தார். நல்ல மனிதர், நிதானமானவர். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். கேண்டர் கண்டுபிடித்ததை எல்லாம் முதலில் டெடிகிண்டுக்குத்தான் கடிதமாக எழுதினார்.

பந்தியும் இலையும்

கேண்டரின் கண்டுபிடிப்பு என்ன?

கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது. இலைகளை யாரும் எண்ணவில்லை. உட்கார்ந்தவர்களையும் எண்ணவில்லை. ஆனால் எந்த இலையும் காலியாக இல்லை. இலை இல்லாமல் யாரும் நிற்கவும் இல்லை. அப்படியானால் இலைகளும் ஆட்களும் சமம் என்று எண்ணாமலே சொல்லிவிடலாம்.

கேண்டர் பிடித்துக்கொண்டது இந்தச் சின்ன உண்மையைத்தான். ஒன்றுக்கு ஒன்று சேர்த்துப் பார்த்தால் போதும். எண்ண முடியாத கூட்டங்களைக்கூட அளந்துவிடலாம்!

1, 2, 3 என்று எண்கள் முடிவில்லாமல் போகின்றன. 2, 4, 6 என்ற இரட்டை எண்களும் முடிவில்லாமல் போகின்றன. இரட்டை எண்கள் பாதிதானே இருக்கும்? இல்லை. 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று ஒவ்வோர் எண்ணையும் அதன் இரு மடங்கோடு உட்கார வைக்கலாம். ஓர் இலையும் காலி இல்லை, ஒருவரும் நிற்கவில்லை. இரண்டும் சமம்!

அரை, கால், முக்கால் போன்ற பின்னங்களையும் இப்படி வரிசைப்படுத்த முடியும் என்று கேண்டர் காட்டினார். அப்படியானால் முடிவில்லாத கூட்டங்கள் எல்லாமே ஒரே அளவுதானா?

1873-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அதற்கு விடை கிடைத்தது. இல்லை! ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தவே முடியாது. எப்படி வரிசைப்படுத்தினாலும் சில புள்ளிகள் விடுபட்டுப் போகும். அதாவது, ஒரு முடிவிலியைவிட இன்னொரு முடிவிலி பெரிது.

மனித குலம் அதுவரை நினைத்துப் பார்க்காத செய்தி இது. 1874-ம் ஆண்டு நான்கைந்து பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. தலைப்பைப் பார்த்தால் உள்ளே இவ்வளவு பெரிய செய்தி இருப்பது தெரியாது. அவ்வளவு அடக்கமான தலைப்பு.

அதே ஆண்டு வாலி குட்மன் என்ற பெண்ணைக் கேண்டர் மணந்தார். தேனிலவுக்குப் போன இடத்திலும் டெடிகிண்டைச் சந்தித்துக் கணிதம் பேசினார்!

அவராலேயே நம்ப முடியவில்லை

1877-ம் ஆண்டு இன்னொரு அதிசயம். ஒரு சிறு கோட்டில் உள்ள புள்ளிகளும், அந்தக் கோட்டின் மேல் வரைந்த முழுச் சதுரத்தில் உள்ள புள்ளிகளும் சமம் என்று கேண்டரின் கணக்கு காட்டியது. தான் செய்த கணக்கையே அவரால் நம்ப முடியவில்லை. எங்காவது தவறு இருக்கிறதா என்று பார்க்கும்படி டெடிகிண்டுக்கு எழுதிக் கேட்டார். தவறு இல்லை என்று பதில் வந்தது.

அந்தக் கட்டுரையைப் பெர்லினில் இருந்து வந்த 'கிரெல்' என்ற புகழ் பெற்ற கணித இதழுக்கு அனுப்பினார். பல மாதங்கள் ஆகியும் வரவில்லை. அந்த இதழில் குரோனெக்கருக்குச் செல்வாக்கு இருந்தது. அவர்தான் தடுக்கிறார் என்று கேண்டர் சந்தேகப்பட்டார். மறு ஆண்டு கட்டுரை வெளிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இதழுக்குக் கேண்டர் எதையும் அனுப்பவில்லை.

குரோனெக்கர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு என்று ஒரு கொள்கை இருந்தது. கணிதம் முழு எண்களின் மேல்தான் நிற்க வேண்டும். எண்ணி முடிக்கக் கூடிய படிகளில் எதையும் கட்டிக் காட்ட வேண்டும். முடிவிலியைக் கையில் எடுத்துக் கூட்டிப் பெருக்குவது வெறும் சொல் விளையாட்டு என்று அவர் உறுதியாக நம்பினார். தன்னிடம் படித்த மாணவரே அந்த விளையாட்டில் இறங்கியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

வராத இடமாற்றம்

1879-ம் ஆண்டு, 34-வது வயதில் கேண்டர் முழுப் பேராசிரியர் ஆனார். இளம் வயதில் பெரிய பதவிதான். ஆனால் அவர் மனம் பெர்லினில் இருந்தது. அங்கே சம்பளம் அதிகம், மதிப்பும் அதிகம், திறமையான மாணவர்களும் அங்கேதான் வருவார்கள். குரோனெக்கர் அங்கே இருக்கும் வரை அந்தக் கதவு திறக்காது என்பது அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

பெர்லினுக்குப் போக முடியாவிட்டால் என்ன? நல்ல நண்பரை ஹாலேக்கு அழைத்துக் கொள்ளலாம் அல்லவா? 1881-ம் ஆண்டு ஹைனே காலமானார். அந்த இடத்துக்கு டெடிகிண்டின் பெயரைக் கேண்டர் முதலாவதாக எழுதினார். சொந்த ஊரான பிரன்ஸ்விக்கை விட்டு வர டெடிகிண்டுக்கு மனம் இல்லை. மறுத்துவிட்டார். அடுத்தபடியாக எழுதிய இரண்டு பேரும் வரவில்லை. டெடிகிண்டோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதோடு நீண்ட காலம் நின்றுபோனது.

இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1879-ம் ஆண்டில் இருந்து 1884-ம் ஆண்டு வரை ஆறு கட்டுரைகள் எழுதினார். கணக் கோட்பாட்டின் அஸ்திவாரம் அந்த ஆறு கட்டுரைகள்தான். முடிவிலிக்கு அப்பாலும் எண்கள் உண்டு, அவற்றுக்கும் கூட்டலும் பெருக்கலும் உண்டு என்று அவற்றில் காட்டினார். இது கடவுளுக்கு உரிய இடத்தில் கை வைப்பது ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். கேண்டர் பக்திமான். எல்லாவற்றையும் கடந்த முடிவிலி ஒன்று உண்டு, அது கடவுளுடையது, நான் பேசுவது அதற்குக் கீழே உள்ளவை என்று விளக்கினார்.

1883-ம் ஆண்டு இறுதியில் பெர்லின் வேலைக்காக நேரடியாகக் கல்வி மந்திரி அலுவலகத்துக்கே மனுப் போட்டார். குரோனெக்கருக்கு ஆத்திரம் வரும் என்று தெரிந்தே செய்தார். ஆத்திரம் வந்தது, வேலை வரவில்லை.

முதல் இடி

கோட்டில் உள்ள புள்ளிகள் ஒரு பெரிய முடிவிலி. 1, 2, 3 என்ற எண்கள் ஒரு சிறிய முடிவிலி. இந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு முடிவிலி உண்டா?

இல்லை என்று கேண்டர் நம்பினார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. 1884-ம் ஆண்டு இதே கேள்வியோடு போராடினார். ஒரு நாள் நிரூபித்து விட்டதாக நினைப்பார். மறுநாள் தவறு தெரியும். அதற்கு நேர்மாறானதே சரி என்று ஒரு சமயம் நினைப்பார். பிறகு அதுவும் தவறாகிவிடும்.

அந்த ஆண்டு மே மாதம் மனச்சோர்வு அவரைக் கீழே தள்ளியது. வயது 39. சில வாரங்களில் எழுந்துவிட்டார். ஆனால் அந்த நோய் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. பகையும் கணக்கும்தான் அவரை நோயாளி ஆக்கின என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மனநோய் தானாகவே வந்தது. துன்பங்கள் அதைக் கிளறிவிட்டன என்பது அவர்கள் கருத்து.

உடல் தேறியதும் கேண்டர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, குரோனெக்கருக்கு சமாதானக் கடிதம் எழுதியதுதான். குரோனெக்கரும் மரியாதையாகப் பதில் எழுதினார். நேரில் சந்தித்துப் பேசினார்கள். பகை தணிந்தது, கருத்து வேற்றுமை தணியவில்லை.

சுவீடன் நாட்டில் இருந்து கணித இதழ் நடத்திய மிட்டாக் லெப்ளர் கேண்டருக்கு உற்ற துணையாக இருந்தார். 1885-ம் ஆண்டு அவரும் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். இது நூறு ஆண்டுகள் முன்கூட்டியே வந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கேண்டரின் மனம் உடைந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது பேகன்தான் என்று நிரூபிக்கும் முயற்சியில் பிற்காலத்தில் நிறைய நேரத்தைச் செலவிட்டார். இன்று அந்த வாதத்தை அறிஞர்கள் ஏற்பது இல்லை.

1886-ம் ஆண்டு ஹாலேயில் நல்ல வீடு ஒன்றை வாங்கினார். அந்த ஆண்டில்தான் கடைசி மகன் ருடால்ப் பிறந்தான். ஆறு குழந்தைகள் ஆயின. பெர்லின் ஆசை அடங்கிவிட்டது என்பதற்கு அந்த வீடே சாட்சி.

சங்கம் கண்டவர்

தன் கட்டுரைகளுக்கு நேர்ந்த கதி இளைஞர்களுக்கு நேரக் கூடாது என்று கேண்டர் நினைத்தார். யாருடைய தயவும் இல்லாமல் கணித நிபுணர்கள் கூடிப் பேச ஒரு சங்கம் வேண்டும் என்று பாடுபட்டார். 1890-ம் ஆண்டு ஜெர்மன் கணிதச் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் கேண்டர். மறு ஆண்டு முதல் கூட்டம் அவர் ஊரான ஹாலேயிலேயே நடந்தது.

அந்தக் கூட்டத்தில் பேசும்படி அவர் யாரை அழைத்தார் தெரியுமா? குரோனெக்கரை! மலையில் நடந்த விபத்தில் குரோனெக்கரின் மனைவி இறந்து போனதால் அவரால் வர முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் குரோனெக்கரும் இறந்தார்.

அதே கூட்டத்தில் கேண்டர் தன் பழைய கண்டுபிடிப்புக்குப் புதிய நிரூபணம் ஒன்றைச் சொன்னார். பள்ளி மாணவனுக்கும் புரியும் நிரூபணம் அது.

எல்லாத் தசம எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டியல் எழுதிவிட்டதாக ஒருவர் சொல்கிறார். முதல் எண் 0.314 என்று தொடங்குகிறது. இரண்டாவது 0.271. மூன்றாவது 0.500. இப்படியே போகிறது. முதல் எண்ணின் முதல் இலக்கம் 3. அதை 4 ஆக்குங்கள். இரண்டாவது எண்ணின் இரண்டாவது இலக்கம் 7. அதை 8 ஆக்குங்கள். மூன்றாவது எண்ணின் மூன்றாவது இலக்கம் 0. அதை 1 ஆக்குங்கள். இப்படிக் குறுக்காக இறங்கிக்கொண்டே போனால் 0.481 என்று தொடங்கும் புதிய எண் கிடைக்கும். அது முதல் எண் அல்ல. முதல் இலக்கம் வேறு. இரண்டாவது எண்ணும் அல்ல; இரண்டாவது இலக்கம் வேறு. பட்டியலில் எந்த எண்ணும் அல்ல! ஆகவே பட்டியல் முழுமையானது அல்ல. எந்தப் பட்டியல் கொண்டுவந்தாலும் கதி இதுதான்.

மகனின் மரணம்

1897-ம் ஆண்டு சூரிச் நகரில் முதல் உலகக் கணித மாநாடு நடந்தது. கேண்டரின் கோட்பாட்டைப் பெரிய பெரிய நிபுணர்கள் மேடையில் பாராட்டினார்கள். 35 ஆண்டுகளுக்கு முன் மாணவராக வந்த அதே ஊர்.

ஆனால் உடல்நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. 1899-ம் ஆண்டு நவம்பரில் அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். பேராசிரியர் பதவி வேண்டாம். ஏதாவது ஒரு நூலகத்தில் அமைதியான வேலை கொடுத்தால் போதும் என்று கேட்டார். முடிவிலியை அளந்த மனிதர் கேட்டது அவ்வளவுதான். அதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் 16-ந் தேதி லீப்சிக் நகரில் பேகன் பற்றிச் சொற்பொழிவு செய்துகொண்டு இருந்தார். அதே நேரத்தில் ஹாலேயில் மகன் ருடால்ப் திடீரென்று இறந்துபோனான். பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு நான்கே நாட்கள் இருந்தன. இசையில் கெட்டிக்காரப் பிள்ளை. அந்த அடியில் இருந்து தந்தை முழுமையாக மீளவே இல்லை. மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

உலகமோ இப்போதுதான் அவரைத் தேடி வந்தது. 1900-ம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் ஹில்பர்ட் என்ற ஜெர்மன் மேதை, புதிய நூற்றாண்டு தீர்க்க வேண்டிய கணக்குகளை அறிவித்தார். அவரது பட்டியலில் முதல் இடம் கேண்டரை வாட்டிய அதே கேள்விக்கு! 1904-ம் ஆண்டு லண்டன் ராயல் சங்கம் சில்வெஸ்டர் பதக்கம் வழங்கியது. அதே ஆண்டு ஹைடல்பர்க் மாநாட்டில், கேண்டரின் நம்பிக்கை தவறு என்று ஒருவர் மேடையில் வாதாடினார். மகள்களோடு உட்கார்ந்து கேட்ட கேண்டர் துடித்துப்போனார். அந்த வாதத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்பது விரைவிலேயே வெளிப்பட்டது.

1912-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. நோயின் காரணமாக நேரில் போய்ப் பெற முடியவில்லை.

போரும் பசியும்

1913-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஹாலேயில் 44 ஆண்டு சேவை. மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1915-ம் ஆண்டு அவருடைய எழுபதாவது பிறந்த நாளைப் பெரிய விழாவாகக் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தார்கள். போரினால் அது நின்றுபோனது.

ஜெர்மனியில் உணவுப் பஞ்சம் வந்தது. வியாபாரியின் வீட்டில் குறையின்றி வளர்ந்த கேண்டர் முதுமையில் பசியை அனுபவித்தார். 1917-ம் ஆண்டு ஜூன் மாதம் கடைசி முறையாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போகும்படி மனைவிக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். வீடு திரும்பவில்லை. 1918-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 72.

விடை

அவரை வாட்டிய கேள்வி என்ன ஆயிற்று?

கோடல் என்ற தர்க்க மேதை 1938-ம் ஆண்டு பாதி விடை கண்டார். கணக் கோட்பாட்டின் வழக்கமான விதிகளை வைத்துக்கொண்டு, கேண்டர் நம்பியதைத் தவறு என்று நிரூபிக்க முடியாது என்றார். மீதிப் பாதியை 1963-ம் ஆண்டு அமெரிக்காவின் பால் கோஹன் கண்டார். அதைச் சரி என்றும் அதே விதிகளால் நிரூபிக்க முடியாது என்று காட்டினார். கேண்டர் இரவும் பகலும் போராடியது, அந்த விதிகளுக்குள் விடையே இல்லாத ஒரு கணக்கோடு. அது அவருடைய குறை அல்ல. அதைத் தெரிந்துகொள்ள அவர் காலத்தில் வழி இருக்கவில்லை.

இன்று ஜெர்மன் கணிதச் சங்கம் வழங்கும் உயர்ந்த பதக்கத்துக்குக் கேண்டர் பதக்கம் என்று பெயர். நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஹாலே நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பெர்லினுக்குப் போகவேண்டும் என்று வாழ்நாளில் பாதியைக் காத்திருந்து கழித்தார். இடமாற்றம் வரவே இல்லை. ஆனால் வேண்டாம் என்று நினைத்த அந்தச் சின்ன ஊரில் இருந்தே அவர் எழுதியது உலகத்தின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.